பீப்பாய்க்குள் முடங்கும் முதல்

ஆசிரியருக்கு,

குடும்ப ஒயின் தொழில் என்றால் சுவையைப் பற்றித்தான் பேசுகிறோம். கழுத்தை நெரிப்பது முடங்கிக் கிடக்கும் முதலீட்டுப் பணம். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் தயாரித்த ராபர்ட் மாண்டவியே சான்று. தந்தை 1943-ல் வாங்கிய சார்லஸ் க்ரக் ஆலையில் தம்பி பீட்டருடன் மோதி விலகியவர், 1966-ல் ஓக்வில்லில் தனி ஆலை தொடங்கினார். எஃகுத் தொட்டியில் குளிர்வித்து நொதிக்கவிட்டார். பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்தார். தரம் உயர்ந்தது, செலவும்தான்.

கொடி நட்டு முதல் அறுவடைக்கே மூன்று ஆண்டு. நல்ல சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயில் மேலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு. அதுவரை வரவு இல்லை, வட்டி மட்டும் ஓடும். 225 லிட்டர் பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது நிரப்பாவிட்டால் காற்று புகுந்து, அசிட்டிக் பாக்டீரியா பெருகி, சரக்கு காடியாகிவிடும்.

சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்கு 'ஃபியூமே பிளாங்க்' என்று பெயர் சூட்டி விற்றது மாண்டவியின் கெட்டிக்காரத்தனம். 1993-ல் பங்குச்சந்தைக்குப் போனது வேறு கதை: பணம் வந்தது, காலாண்டுக் கணக்கும் கூடவே வந்தது. ஐந்தாண்டு கேட்கும் திராட்சையும் மூன்று மாதம் பொறுக்காத பங்குதாரரும் ஒத்துப்போவது கடினம். 2004-ல் நிறுவனம் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் என்ற பெரிய மதுபான நிறுவனத்தின் கைக்கு மாறியது, அவர் உயிரோடு இருக்கும்போதே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்