அம்மாவிடமே கேளுங்கள்: தேசியப் புள்ளியியல் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற வீடு எங்களுடையது. சில வருடங்களுக்கு முன் ஏதோ கணக்கெடுப்பு என்று ஒருவர் வந்தார். அப்பாவிடம்தான் எல்லாம் கேட்டார். வீட்டம்மா என்ன வேலை செய்கிறார் என்றதும் அப்பா, "அவ வீட்லதான் இருக்கா" என்றார், வந்தவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரம் அம்மா கீழ்த் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

அப்பா பொய் சொல்லவில்லை. பட்டா அவர் பேரில், ஃபேக்டரியில் இலைக் கணக்கும் அவர் பேரில், அதனால் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் சாக்கில் போகும் இலையில் பாதிக்கு மேல் அம்மா பறித்தது. இலைக் கறை ஏறிக் கறுத்த அந்த விரல்கள் எத்தனை தேய்த்தாலும் வெளுக்காது.

சரி, அம்மாவையே கேட்டிருந்தால்? "வேலைக்குப் போறீங்களா" என்றால் அவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் வேலைக்குப் போவது என்றால் எஸ்டேட்டில் கூலிக்குப் போவது. சொந்த இலையைப் பறிப்பது "தோட்டத்துக்குப் போறது", அவ்வளவுதான். உங்கள் தொழிலாளர் கணக்கெடுப்பில் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்கு 21 என்று ஒரு குறியீட்டு எண் இருக்கிறது, வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92, அதோடு விறகும் தீவனமும் சேகரிப்பவருக்கு 93. வெறும் 92ஓ 93ஓ விழுந்துவிட்டால் அவர் உழைப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். ஒரு கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் ஒரு பெண்ணின் உழைப்பே காணாமல் போகிறது.

சரியாகக் கேட்க உங்களுக்குத் தெரியாமலும் இல்லை. நேரப் பயன்பாட்டு ஆய்வில் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்கிறீர்கள். 2024 ஆய்வில் தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்களில் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம் என்று வந்ததும் அப்படிக் கேட்டதால்தான். 1998-99இல் நடந்த இதே நேரப் பயன்பாட்டு ஆய்வின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, இது ஒன்றும் எங்களுக்குப் புதிதில்லை.

அதே பொறுமையைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் காட்டுங்கள். நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று பெண்ணிடமே கேளுங்கள். அப்புறம் நீலகிரிக்கு என்று தனியாக எண்ணைக் கொடுங்கள், மாநிலச் சராசரிக்குள் எங்கள் மலை தெரிவதில்லை. மானியத்துக்கும் பயிற்சிக்கும் எங்கள் அம்மாக்கள் பேரைச் சேர்க்கச் சொல்லி யாரிடமாவது போய் நிற்கவேண்டும் என்றால் கையில் அந்த எண் வேண்டும்.

வருவதாக இருந்தால் மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள். இலையை எடை போட்டுவிட்டு அம்மா அப்போதுதான் மேலேறி வருவார்.