சொல்லாமல் எதுவும் செய்யாத பெட்டி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நானும் ஒருவழியாக இரவுப் பணியிலிருந்து விடுபட்டேன். ஊர் தூங்கும் நேரத்தில் தூங்குவதற்கு இந்த வயதில் மறுபடி பழகிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய சிஸ்கோ 1941 ரூட்டரை வாங்கிவிட்டாய், இனி வீட்டு இணையம் முழுக்க அதில்தான் ஓடப் போகிறது என்று எழுதியிருந்தாய். வாங்கியது நல்ல காரியம். வீட்டு இணையத்தை அதன் தலையில் கட்டுவதை மட்டும் தள்ளிப்போடு. இப்போதிருக்கும் வீட்டு ரூட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து கேபிள் எடுத்து, புதுப் பெட்டியை அதற்குப் பின்னால் மாட்டு. நீ என்ன குளறுபடி செய்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பயமில்லாமல் நோண்டிப் பார்க்கும் இடம்தான் உனக்கு இப்போது வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1900, 2900 வரிசை ரூட்டர்களுக்கு சிஸ்கோ தந்துவந்த ஆதரவு 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இனி புதிதாக ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைத்துத் தர ஆள் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியை நேராக இணையத்தின் வாசலில் நிறுத்த எனக்கு மனம் வராது. வேகமும் பிரச்சினைதான். கிகாபிட் போர்ட் இருப்பதால் கிகாபிட் வேகத்தில் ஓடும் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துண்டையும், அதன் பழைய சிபியுதான் பார்த்து அனுப்புகிறது. நாட் (உள்ளே இருக்கும் பல முகவரிகளை வெளியே ஒரே முகவரியாக மாற்றிக் காட்டுவது), வடிகட்டும் பட்டியல் என்று வேலை கூடக் கூட வேகம் இறங்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. உழைக்க வைப்பதற்கு இது வேண்டாம்.

முதல் வேலை, பழைய முதலாளியை உள்ளேயிருந்து வெளியேற்றுவது. 2023-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் பழைய ரூட்டர்களை வாங்கிச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய கம்பெனியின் செட்டிங், விபிஎன் விவரம், பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே இருந்தன. உன்னுடையதிலும் இருக்கலாம். படித்துப் பார்க்க ஆசை வரும், படிக்காதேடி. அழித்துவிடு.

அதற்கு, லேப்டாப்பிலிருந்து ரூட்டரோடு நேராகப் பேசும் கன்சோல் கேபிள் வேண்டும். ஒரு முனையில் ஆர்ஜே45, மறுமுனையில் யூஎஸ்பி, பெரும்பாலும் வெளிர்நீலத்தில் இருக்கும். ரூட்டரில் 'கன்சோல்' என்று எழுதிய போர்ட்டில்தான் அதை மாட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் 'ஆக்ஸ்' போர்ட்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஜாக்கிரதை. லேப்டாப்பில் புட்டி போன்ற ஒரு புரோகிராமைத் திறந்து, சீரியலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 9600 என்று வை. 8 பிட், பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. திரை வெறுமையாக இருந்தால் என்டரைத் தட்டிப் பார். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் அநேகமாகத் தப்பான காம் போர்ட் எண்ணைக் கொடுத்திருப்பாய்.

பாஸ்வேர்ட் கேட்கும். உனக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. பரவாயில்லை. ரூட்டரை அணைத்து மறுபடி போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் கன்ட்ரோலையும் ப்ரேக்கையும் சேர்த்து அழுத்து. 'ராம்மான்' என்ற அடித்தள நிலைக்குப் போய் நிற்கும். சில மலிவான யூஎஸ்பி கேபிள்கள் அந்த ப்ரேக் சைகையைக் கடத்தாது. அப்படியானால் ரூட்டரை அணைத்து, பின்புறம் இருக்கும் காம்பேக்ட் ஃப்ளாஷ் அட்டையை உருவிவிட்டுப் போடு. ரூட்டரின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் கிடைக்காமல் அதுவே ராம்மானில் போய் நிற்கும், பிறகு அட்டையைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம். அங்கே 'கான்ஃப்ரெக் 0எக்ஸ்2142' (confreg 0x2142) என்று அடித்து, அடுத்து 'ரீசெட்' கொடு. சேமித்து வைத்த செட்டிங்கைப் படிக்காமலே எழுந்திரு என்பதுதான் 2142-க்கு அர்த்தம். கன்சோலைக் கையில் வைத்திருப்பவருக்கு ரூட்டர் சொந்தம் என்று இதனால்தான் எங்கள் தொழிலில் சொல்வார்கள். முந்தைய நிர்வாகி இந்த வழியையே பூட்டி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு.

எழுந்ததும், ஆரம்ப அமைப்புக்கு உதவட்டுமா என்று கேட்கும். 'நோ' சொல்லிவிடு. அந்தக் கேள்விபதிலில் நீ ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாய். 'எனேபிள்' அடித்தால் பெயருக்குப் பின்னால் இருக்கும் குறி மாறி # வரும், அதுதான் அதிகாரம் உள்ள நிலை. 'ரைட் இரேஸ்' கொடுத்துப் பழையதை அழி. பிறகு கான்ஃபிக் நிலைக்குள் போய் ரெஜிஸ்டரை, அதாவது முன்பு 2142 என்று மாற்றிய எண்ணை, திரும்ப 0எக்ஸ்2102 ஆக்கு. இதை விட்டுவிட்டால், என்ன சேமித்தாலும் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் ரூட்டர் பச்சைக் குழந்தையாக எழும். 'ஷோ வெர்ஷன்' கொடுத்தால் கடைசி வரியில் அந்த எண் தெரியும். சரியாக இருந்தால் 'ரீலோட்' கொடு, சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்.

இப்போது கையில் இருப்பது காலிப் பெட்டி. வீட்டு ரூட்டர் கேட்காமலே ஐபி கொடுக்கும், நாட் செய்யும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், வைஃபையும் தரும். இது அப்படி இல்லை. நீ வாய் திறந்து சொல்லாத எதையும் செய்யாது. போர்ட்டுகள்கூட மூடித்தான் இருக்கும். கேபிள் மாட்டியும் விளக்கு எரியவில்லை என்று கேபிளைத் திட்டாதே. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் போய் 'நோ ஷட்டவுன்' சொல்ல வேண்டும். இரண்டு கிகாபிட் போர்ட்டும் இரண்டு தனி நெட்வொர்க் என்பதையும் மனசில் வை. நெட்வொர்க் சுவிட்சில் மாட்டுவது போல லேப்டாப்பை ஒன்றிலும் டிவியை மற்றதிலும் மாட்ட முடியாது.

அந்த இரண்டில் 0/0 போர்ட்டை வீட்டு ரூட்டரோடு இணைத்து, 'ஐபி அட்ரஸ் டிஹெச்சிபி', அதாவது முகவரியை அதனிடமே கேட்டு வாங்கிக்கொள், என்று சொல். முகவரி மட்டுமல்ல, வெளியே போகும் வழியும் அதிலேயே வந்துவிடும். 0/1 உன் பக்கம். அதற்கு 10.10.10.1 மாதிரி வேறு வரிசையில் ஒரு முகவரி கொடு. வீட்டு ரூட்டர் 192.168.1-இல் இருக்கும்போது நீயும் அதையே கொடுத்தால், இரண்டும் மோதுகிறது என்று ஐஓஎஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு உன் பக்கத்துக் கருவிகளுக்கு முகவரி கொடுக்க ஒரு டிஹெச்சிபி பூல்: நெட்வொர்க், டிஃபால்ட் ரூட்டர், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) மூன்றும் எழுதினால் போதும்.

நாட்தான் புதியவர்களைப் படுத்தும். உன் 10.10.10 முகவரிகளை வீட்டு ரூட்டருக்குத் தெரியாது. அதனால் வெளியே போகும்போது எல்லாமே 0/0-இன் முகவரியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இதற்கு நாலு இடத்தில் நாலு வரி. 0/1-இல் 'ஐபி நாட் இன்சைட்'. 0/0-இல் 'ஐபி நாட் அவுட்சைட்'. யாருக்கெல்லாம் மாற்றலாம் என்று ஓர் ஆக்சஸ் லிஸ்ட். கடைசியாக அந்தப் பட்டியலையும் 0/0-ஐயும் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிவில் 'ஓவர்லோட்' என்ற சொல். இந்தச் சொல்லை விட்டால் பல கருவிகள் ஒரே முகவரியைப் பகிர முடியாது. ஆக்சஸ் லிஸ்டில் சப்நெட் மாஸ்க்கை, அதாவது நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் எண்ணை, தலைகீழாக எழுத வேண்டும்: 255.255.255.0-க்கு பதில் 0.0.0.255. ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டுக் காலத்தைக் கழிக்காதே, பழகிக்கொள்.

வேலை செய்கிறதா என்று முதலில் ரூட்டரிலிருந்தும் பிறகு லேப்டாப்பிலிருந்தும் பார்த்துக்கொண்டு போ. ரூட்டரிலிருந்தே 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதா? போகாவிட்டால் 0/0 பக்கம் கோளாறு. ரூட்டரிலிருந்து போகிறது, லேப்டாப்பிலிருந்து போகவில்லை என்றால் அநேகமாக நாட். 'ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்' காலியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். லேப்டாப்பிலிருந்தும் பிங் போகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? டிஎன்எஸ். கண்டதையும் மாற்றிப் பார்ப்பதைவிட இந்த வரிசை சீக்கிரம் இடத்தைக் காட்டும்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். கமாண்டைத் தப்பாக அடித்தால் ரூட்டர் அதை ஏதோ கணினியின் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விடும், திரை உறைந்தது போல நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விடும். 'நோ ஐபி டொமைன் லுக்கப்' போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. மற்றொன்று, நீ அடிப்பதெல்லாம் உடனே அமலுக்கு வரும், ஆனால் மின்சாரம் போனால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் 'காப்பி ரன்னிங் கான்ஃபிக் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்'. ஆனால் ஒரு மாற்றம் சரியாக ஓடுகிறது என்று பார்க்கும்வரை சேமிக்காதே. சிக்கிக்கொண்டால் அணைத்துப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இவ்வளவும் ஓடிய பிறகு, கன்சோல் கேபிள் இல்லாமல் நெட்வொர்க் வழியாகவே பாதுகாப்பாக உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச்சைப் பார்க்கலாம். அதே வேலைக்கான பழைய வழியான டெல்நெட்டைத் தொடவே தொடாதே, அதில் பாஸ்வேர்ட் திறந்த புத்தகமாகப் போகும். அழித்து முடித்ததும் 'ஷோ வெர்ஷன்' காட்டுவதை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்பு. எந்த ஐஓஎஸ், எந்த லைசென்ஸ் என்று பார்த்துவிட்டு, அதில் விபிஎன் ஓட்ட வேண்டும் என்ற உன் ஆசை நிறைவேறுமா என்று சொல்கிறேன். ரூட்டரின் மின்விசிறிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தாயே, படுக்கையறையில் வைத்தால் கெடுக்கத்தான் செய்யும். கூடத்துக்கு மாற்று.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்றைக்கு என்று நீ சொல்லவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. முடிந்தால் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
கல்யாணி