ராஜினாமா எழுதச் சொல்லாதீர்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகனை, என்னோடு வேலை பார்த்த தம்பியை, கம்பெனி வேலையை விட்டு அனுப்புகிறது என்றதும், "அவன் என்னம்மா தப்பு பண்ணான்? என்கிட்ட சொல்லு, நான் அவனைத் திட்ட மாட்டேன்" என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் அம்மா அழுவதும் கேட்டது. இதே கேள்வி இப்போது சென்னையில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் பதில் எழுதுகிறேன். தம்பியின் பெயரும் கம்பெனியின் பெயரும் இதில் வராது.

தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை.

நீங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஆர்டர் இல்லாத மாசம் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்வார்கள், ஆர்டர் வந்ததும் கூப்பிடுவார்கள். ஒருத்தனை மட்டும் தனியாக வெளியே அனுப்புகிறார்கள் என்றால் அவன் மேல் மெமோ இருக்கும், என்கொயரி நடந்திருக்கும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் மகனைச் சந்தேகப்படுகிறீர்கள். இங்கே மெமோவும் கிடையாது, என்கொயரியும் கிடையாது.

அவன் என்ன வேலை பார்த்தான் என்று உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் கம்பெனிக்கு அமெரிக்கா முழுக்கக் கடைகள். அலமாரியில் ஒட்டியிருக்கிற விலையும் பில் கவுன்டரில் விழுகிற விலையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் போரூரில் உட்கார்ந்திருந்த எங்கள் டீமின் கையில் இருந்தது. நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே அவர்களுக்குத் தீபாவளி வியாபாரம். நியூயார்க்கில் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் நமக்கு மாலை நாலரை. போன வருஷம் அந்த வெள்ளிக்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஒரு தள்ளுபடி ஒரே பில்லில் இரண்டு தடவை கழிய ஆரம்பித்தது. ஆளாளுக்கு லைனில் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் வாயே திறக்காமல், புரோகிராம் தானாக எழுதி வைக்கிற லாக் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனான். ஒரே கூப்பனை இரண்டு புரோகிராம் தனித்தனியாகக் கழிக்கிறது என்று கண்டுபிடித்து, ஒன்றை நிறுத்த வைத்தான். அதற்குப் பிறகும் விடிகிற வரை எழுந்து போகவில்லை. இரவு சாப்பிட வீட்டுக்கு வராத நாள் அதுதான், ஐயா.

அவன் பெயர் பட்டியலில் வந்ததற்குக் காரணம் அவன் வேலை இல்லை. இவ்வளவு செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுக்கிறது. இரண்டு டீமை ஒன்றாக்குகிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றை அடிக்கிறார்கள். அடிக்கிறவர் தம்பியோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். எங்கள் கம்பெனி மட்டும் இப்படி இல்லை. 2025 மே மாதம் வால்மார்ட் தொழில்நுட்பப் பிரிவு உட்படச் சுமார் 1,500 பேரை வேலையை விட்டு நீக்குவதாகச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் டார்கெட் 1,800 அலுவலகப் பணியிடங்களை நீக்கியது. இத்தனை பேரும் தப்பு செய்தவர்களா?

பதினைந்து நிமிஷ வீடியோ காலில் எல்லாம் முடிந்தது. நானும் இதற்கு முன் இப்படி ஒரு பட்டியலில் இருந்தவள் என்பதால் எனக்கு அது மனப்பாடம். போர்ட்டலில் நீங்களே ராஜினாமா போட்டுவிடுங்கள், இரண்டு மாசச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருகிறோம், இல்லையென்றால் டெர்மினேஷன், அதாவது கம்பெனியே நீக்கியது, என்று பதிவாகும் என்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எழுதிக் குடுத்துட்டு மரியாதையா வந்துடச் சொல்லும்மா" என்றீர்கள். அதை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்தால் அவனாக வேலையை விட்டதாக ஆகிவிடும். ஆறு வருஷத்துக்கான கிராஜுவிட்டி எப்படியும் வரும், அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். ஆனால் ஆட்குறைப்புக்குச் சட்டம் தருகிற ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடு இரண்டையும் அவன் உரிமையாகக் கேட்க முடியாது. 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளமும் அதில் சேர்ந்திருக்கிறது.

"ஐடிக்காரனுக்கு அதெல்லாம் ஏதும்மா?" என்பீர்கள். ஐடி துறைக்கு விலக்கு எதுவும் இல்லை, அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்திவிட்டது. தம்பி பதவியில் மேனேஜர் என்ற சொல் இருப்பதைக் காட்டி, தொழிலாளிக்கான சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று பயமுறுத்துவார்கள். அவனுக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, நாள் முழுக்கக் கோட் எழுதுகிறவன். 2015-ல் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் வேலையை விட்டு அனுப்பிய ஒருவர் விஷயத்தில் இதே வாதம்தான் வந்தது. அவர் செய்தது தொழில்நுட்ப வேலை, அவர் தொழிலாளிதான் என்று சொல்லி, திரும்ப வேலையில் சேர்க்கும்படி சென்னை தொழிலாளர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. ஏழு வருஷம் ஆனது என்பதையும் மறைக்கவில்லை. தம்பி அவ்வளவு தூரம் போவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு ராஜினாமா போடாமல் இருந்தால் போதும்.

நான் போடவில்லை. "என்னை நீங்கள்தான் வேலையை விட்டு எடுக்கிறீர்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று மெயில் போட்டேன். இழுத்தடித்தார்கள். கடைசியில் பணியிடம் நீக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. இன்டர்வியூவில் அதைக் காட்டினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கடிதத்தைப் பார்க்காத எச்ஆர் ஓஎம்ஆரில் இல்லை.

உங்கள் அப்பா பெரம்பூர் மில்லில் வேலை பார்த்தவர் என்று தம்பி சொல்லியிருக்கிறான். 1918-ல் அந்த மில் தொழிலாளிகளுக்காகத்தான் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். கையெழுத்து போடுவதற்கு முன் நாலு பேரிடம் கேட்க வேண்டும் என்பது உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெரிந்த விஷயம். ஐடிக்காரர்கள் எங்களுக்குத்தான் அதைச் சொல்லித்தர ஆளில்லை. நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு சுகர் மாத்திரை, கண் ஆபரேஷன் எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸில்தான் போகிறது. கடைசி வேலை நாளோடு அது நின்றுவிடும். அதற்கு முன்னாலேயே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாற்றிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பி.எஃப். பணத்தில் இப்போது கை வைக்க வேண்டாம்.

ஆஃபர் லெட்டர், கடைசி மூன்று சம்பள ஸ்லிப், எச்ஆர் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் லேப்டாப் லாக் ஆவதற்கு முன் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகம், தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு அவனோடு நீங்களும் வாருங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்,
தம்பியோடு வேலை பார்த்த அக்கா