பெயரை மட்டும் நீக்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பன் பஸ் நிறுத்தத்தில் அண்மையில் போக்குவரத்துத் திட்டத்துக்கென்று பயணிகளிடம் கணக்கெடுத்தார்கள். எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், செல் நம்பர் என்ன என்று எல்லாம் ஒரே தாளில், வரிசையாக. கையெழுத்துக்கு அட்டையை நீட்டியபோது எனக்கு முன்னால் நின்றவர்களின் விவரமெல்லாம் என் கண்ணெதிரே கிடந்தது. ஒருவர் மாதாமாதம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதுகூட. நான் படிக்க வேண்டிய சங்கதியா அது?

கணக்கெடுப்பே கூடாது என்பதல்ல என் வாதம். கணக்கில் வராத ஊருக்கு யார் பஸ் விடுவார்கள்? ஆனால் கேட்டால், "பெயரை எடுத்துவிடுவோம் சார்" என்கிறார்கள். பக்கத்துச் சின்ன ஊரான குந்துகாலிலிருந்து விடிகாலையில் மண்டபம் நண்டுக் கம்பெனிக்குப் போகிறவர் ஒரே ஒருவர் என்றால், பெயர் எதற்கு? 15 லட்சம் பேரின் செல்போன் பதிவுகளைப் பெயரில்லாமல் ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. எந்த நேரம், எந்த இடம் என்று நான்கு பதிவுகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்றது அது.

நம் கரையில் இன்னொன்றும் உண்டு. விசைப்படகுகள் மீன்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாள் ஊருக்கே தெரியும். போனவர்கள் திரும்ப மறுநாள் காலை ஆகும். அந்த வீட்டுப் பெண் பஸ் ஏறும் நேரமும் வெளியே போய்விட்டால், வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன ஊர்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துக் காட்டலாம். அப்படிச் செய்தால் குந்துகால் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2008 முதல் வேறு வழி வைத்திருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்குமான போக்குவரத்தை வரைபடமாக வெளியிடும்போது, வீடு இருக்கும் இடத்தை உள்ளபடி காட்டாமல் கணித முறையில் கொஞ்சம் மாற்றிவிடுகிறார்கள். மொத்தப் போக்கு பெரிதாகக் கெடுவதில்லை. சின்ன ஊர்களில் எண்ணிக்கை சற்றுப் பிசகும்தான். பிசகட்டுமே, காலை பஸ்ஸை நாலரைக்கு விடுவதா ஐந்துக்கு விடுவதா என்று முடிவு செய்ய அந்தச் சுமார் கணக்கு போதாதா?

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று இருந்துவிட முடியாது. புள்ளிவிவரப் பணிகளுக்கு, சில நிபந்தனைகளோடு, அதில் விலக்கு உண்டு. ஆகவே எங்களிடம் வாங்கிய செல் நம்பர்கள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன, எப்போது அழிக்கப்படும் என்பதை மாவட்ட நிர்வாகமே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர்