பூச்சுக்காரரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய மரக் கட்டடங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மரத்தோடு மரம் பூட்டும் தச்சு வேலையைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஹிமெஜி கோட்டைப் படத்தின் கீழே ‘வெள்ளை வண்ணம் அடித்த சுவர்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பெயின்ட் அல்ல. கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசையில் சுண்ணாம்பையும் சணல் நாரையும் குழைத்துப் பூசிய ‘ஷிக்குயி’ சாந்து. கூரை ஓடுகளின் இணைப்புகளிலும் அதே சாந்துதான். 2015இல் சீரமைப்பு முடிந்து கோட்டை திறந்தபோது, “இது என்ன, இவ்வளவு வெள்ளை!” என்று ஜப்பானியர்களே முகம் சுளித்தார்கள். புதுச் சாந்தின் நிறம் அது. பூஞ்சை படியப் படிய மங்கிவிடும். தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இன்னொன்று. 2020இல் யுனெஸ்கோ ‘தச்சுக் கலையை’ அங்கீகரித்தது என்கிறது கட்டுரை. அந்த அங்கீகாரம் 17 தொழில்களுக்குச் சேர்த்துக் கிடைத்தது. கூரை வேய்பவர், அரக்கு பூசுபவர், தத்தாமி பாய் முடைபவர், இவர்களோடு ‘சகான்’ எனப்படும் சுவர் பூச்சுக்காரரும் அதில் உண்டு. ஹோர்யூஜி கோயிலின் பொன் மண்டப ஓவியங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர், அவை மண்சுவர்மேல் தீட்டப்பட்டவை என்பதைச் சொல்லவில்லை. 1949இல் தீப்பிடித்து அந்த ஓவியங்கள் கருகியதும், மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்த நாட்டுக்கு எவ்வளவு முக்கியமான சங்கதிகள்!

நான் கியோட்டோவில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். மண்சுவர் எழும்புவதை அருகில் நின்று பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். தூண்களுக்கு நடுவே மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து, வைக்கோல் கயிற்றால் கட்டுவார்கள். களிமண்ணில் வைக்கோலை வெட்டிப்போட்டு மாதக்கணக்கில் ஊறப் போட்டிருப்பார்கள். வைக்கோல் அழுகிக் கலந்து, மண் கறுத்து, பசை ஏறியிருக்கும். நாற்றம் தாங்காது. அந்த மண்ணை மூங்கில் தட்டியில் அறைந்து பூசினால் மறுபக்கம் பிதுங்கும். அதைத் தடவி அமுக்கிவிட்டு, பிறகு அந்தப் பக்கமும் பூசுவார்கள். இது முதல் பூச்சு. நன்றாகக் காய்ந்து வெடித்த பிறகே நடுப்பூச்சு, கடைசியில் மேல்பூச்சு.

காயும் மண் சுருங்குமே, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழாதா? அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. சின்னஞ்சிறு ஆணிகளில் சணல் நாரை முடிந்து, தூணின் ஓரம் நெடுக வரிசையாக அடித்து, ஈரப் பூச்சுக்குள் அந்த நாரை விசிறிபோல் விரித்துப் புதைத்துவிடுவார்கள். முடிந்த சுவரில் இதன் சுவடே தெரியாது. என்னைக் கேட்டால், கட்டுரையாளர் வியந்த மரப்பூட்டுகளுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தேநீர் அறைகளின் மேல்பூச்சுக்குப் பேர்போனது கியோட்டோவின் ஜுராகு மண். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் ஜுராகு மாளிகை இருந்த பகுதி மண் அது. இப்போது அங்கே வீடுகள் நெருக்கிவிட்டன. யாராவது அஸ்திவாரம் தோண்டினால்தான் அசல் மண் கிடைக்கும். பசையே சேர்க்காமல் மண், மணல், பொடி வைக்கோல், தண்ணீர் மட்டும் கலந்து பூசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அடியிலுள்ள பூச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதற்குள் முடித்தாக வேண்டும், பிறகு தொட்டால் திட்டு விழும்.

இந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் கரண்டிகளுக்கு ‘கொத்தே’ என்று பெயர். ஒரு பூச்சுக்காரரின் பெட்டியைத் திறந்தால் பத்து இருபதோடு நிற்காது. மண்ணை மட்டப்படுத்த மென்மையான இரும்பில் ஒன்று, மேல்பூச்சை அழுத்தி மினுக்கக் காய்ச்சித் தோய்த்த எஃகில் ஒன்று, மூலைக்குள் நுழைய வில்லோ இலை போல ஒடுங்கிய ஒன்று, விளிம்பு இழுக்க வேறொன்று. சிலவற்றில் பிடியின் கழுத்து தகட்டின் பின்முனையில் இருக்கும், சிலவற்றில் நட்டநடுவில். நடுக்கழுத்தின் இருபுறமும் விரல்களைக் கொடுத்துப் பிடித்தால் தகடு முழுக்க ஒரே சீராக அழுத்தம் விழும்.

இவற்றை அடித்துக் கொடுக்கும் கொல்லர்களுக்கு ஹியோகோ மாநிலத்து மிகி நகரம் பேர்பெற்றது. அந்த ஊரின் ரம்பம், உளி, இழைப்புளி, சிறுகத்தி ஆகியவற்றோடு பூச்சுக் கரண்டியையும் சேர்த்து 1996இல் அரசு பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. ஆனால் ஜிப்சம் பலகையும் வினைல் காகிதமும் வீடுகளுக்குள் புகுந்த பிறகு மண்ணுக்கு ஆளில்லை. மண் இல்லையென்றால் இத்தனை வகைக் கரண்டிக்கு என்ன வேலை? சிமென்ட் பூச ஒன்றிரண்டு போதுமே. அறிவிப்புகளை நான் குறை சொல்லவில்லை. கொல்லருக்கு வேண்டியது ஆர்டர்.

கட்டுரை ‘தொடரும்’ என்று முடிவதால் ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதிக்கு இஸு தீபகற்பத்தில் உள்ள மத்சுஸாகிக்கு யாரையாவது அனுப்புங்கள். இரியே சோஹாச்சி (1815–1889) என்ற பூச்சுக்காரரின் சொந்த ஊர் அது. எதோவில் (இன்றைய டோக்கியோ) ஓவியம் பயின்ற அவர் அதே ஷிக்குயி சாந்தில், கரண்டியாலேயே புடைப்புச் சித்திரங்கள் செய்தார். 1984இல் அவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வருபவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுக்கிறார்கள், அவ்வளவு நுணுக்கம். புகைப்படக்காரரிடம் நல்ல குளோசப் லென்ஸ் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கியோட்டோ.