இரண்டாம் தவணைக்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள்

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். சங்கத்துக்கு வெப்சைட் வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் போட்டபோது ஆத்தங்குடியில் கையால் சிமென்ட் தரைக்கல் செய்யும் எங்களில் சந்தோஷப்படாத பட்டறைக்காரர் கிடையாது. ஆனால் அந்த வேலையை டிசைனரிடம் ஒப்படைத்த விதம் இப்போது எங்கள் பிழைப்பில் கை வைக்கிறது.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். புது வீட்டுக் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் கல் வேண்டும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றார். நல்ல ஆர்டர். எப்போது அனுப்ப முடியும் என்று நான் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. 'மூன்றே நாளில் டெலிவரி' என்று நம் வெப்சைட்டில் இருக்கிறதாம். கண்ணாடி மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, கலர் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டுச் சமப்படுத்த வேண்டும், அப்புறம் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி வெயிலில் காய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் சங்கமே ஏன் பொய் சொல்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆர்டர் போய்விட்டது.

அன்று ராத்திரி அந்தப் பக்கங்களை முழுக்கப் பார்த்தேன். முகப்பில் இருப்பது மிஷினில் அச்சடித்த செராமிக் டைல்ஸ்; எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒரே மாதிரி. நம் கல்லில் கலரோடு கலர் சேரும் ஓரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். அந்தப் படத்தை நம்பி வாங்குகிறவர் நம் கல்லைக் குறை உள்ளது என்று திருப்பி அனுப்பத்தான் செய்வார். 'எங்கள் கைவினைஞர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு குயவர் சக்கரம் சுற்றுகிறார். சூளையே இல்லாத தொழிலய்யா இது! ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமென்ட் கல் அரித்துப்போகும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

டிசைனர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பக்கம், கொஞ்சம் போட்டோ, ஒரு போன் நம்பர் என்று கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வேறு என்ன செய்வார்? கல் எப்படிச் செய்கிறார்கள் என்று அவருக்கு யாருமே காட்டவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: இரண்டாம் தவணைப் பணம் கொடுக்கும் முன்னால் அவரை அழைத்துக்கொண்டு ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள். எந்தெந்தப் பக்கம் வேண்டும், யார் எழுதுவது, யார் போட்டோ எடுப்பது, வரும் போனுக்கு யார் பதில் சொல்வது என்று உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வோம்.

டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தயவுசெய்து பாருங்கள். சங்கத்தின் பெயரில் இல்லையென்றால், நாளைக்கு டிசைனரோடு மனஸ்தாபம் வந்தாலோ அவர் தொழிலை விட்டாலோ நம் முகவரியே நம் கையில் இருக்காது. தமிழில் இருக்கும் கொஞ்சநஞ்ச எழுத்தும் படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதை யூனிகோடில் எழுதினால்தானே தமிழில் தேடுகிறவருக்கு ஒழுங்காக அகப்படும்?

நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. மாளிகை பார்க்க வருகிறவர்கள் குனிந்து தரையையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தரையைச் செய்தவர்கள் யார் என்று நான் பார்த்த எந்தப் பலகையிலும் இல்லை. கண்காட்சி என்றாலும் விழா என்றாலும் எங்களைக் கூப்பிடுவது போட்டோவுக்கு நிற்கத்தான். ஊரார் செய்வது இருக்கட்டும். சந்தா கட்டும் எங்கள் சொந்தச் சங்கத்தின் வெப்சைட்டிலும் எங்கள் கைக்கு இடமில்லை என்றால் வயிறு எரிகிறது.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த 'மூன்று நாள்' வரியை மட்டும் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பட்டறையில் பேசிக்கொள்ளலாம். எந்த நாள் என்று நீங்களே குறியுங்கள். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அதுவரை இரண்டாம் தவணையைக் கொடுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், பட்டறைக்காரர்
ஆத்தங்குடி