பெரிசுக்கு ஒரு கேள்வி

குன்னூர்,
ஜூலை

அன்புள்ள பெரிசு,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று தங்கச்சி போனில் கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்குக் குளிரில் முழங்கால் வலி கூடியிருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு வழக்கம்போல் விலை இல்லை. பந்தலில் காய்த்துக் கிடந்த மேரக்காயை முந்தாநாள் ராத்திரி காட்டெருமை வந்து பந்தலோடு சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. நீ கேட்ட வர்க்கியை மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். டொராண்டோ வருவதற்குள் பொடியாகிவிடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இங்கேயெல்லாம் எதுவும் சட்டப்படிதான், உங்கள் ஊர் மாதிரி இல்லை" என்று போனில் அளந்தாயே, அன்றிலிருந்து உங்கள் கனடாவின் உளவு விவகாரத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சாரல் விட்டபாடில்லை, கிழவனுக்கு வேறென்ன வேலை?

உங்கள் எம்.பி.க்களும் செனட்டர்களும் இருக்கிற பாதுகாப்புக் குழு 2024 ஜூனில் ஓர் அறிக்கை விட்டது. அரசியல்வாதிகள் சிலர் தெரிந்தோ, அரைகுறையாகத் தெரிந்தோ வெளிநாட்டு அரசுகளுக்கு உதவினார்கள் என்றது. யார் அவர்கள்? பெயர் கிடையாது, ரகசியம். முழுப் பிரதியைப் படித்துவிட்டு வந்த பசுமைக் கட்சித் தலைவர் எலிசபெத் மே, மனசுக்குப் பெரிய நிம்மதி என்றார். அதையே படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பேசினார் புதிய ஜனநாயகக் கட்சியின் அப்போதைய தலைவர் ஜக்மீத் சிங், கவலை கூடிவிட்டது என்றார். இருவரும் படித்தது ஒரே காகிதம்! எதிர்க்கட்சித் தலைவர் பொய்லியேவ் அதற்கான அனுமதியை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். நம் சங்கத்துப் பொதுக்குழு ஞாபகம் வந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் நீதிபதி மாரி ஜோசே ஹோக் விசாரணை. 2025 ஜனவரி 28-ல் இறுதி அறிக்கை, ஏழு பாகம். வெளிநாட்டோடு சேர்ந்து சதி செய்த துரோகிகள் நாடாளுமன்றத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஒரு சிலரின் நடத்தைதான் கவலை தருகிறது என்று எழுதினார். முந்தைய குழு, கையில் இருந்த தகவல் தாங்காத அளவுக்கு அடித்துப் பேசிவிட்டது என்றும் சொன்னார். தேர்தலில் மூக்கை நுழைக்கும் நாடுகளில் முதலிடம் சீனா, அடுத்து நாம். இதை வைத்து நீ சீண்டுவாய், சீண்டிக்கொள்.

என்னைத் தூங்கவிடாதது அப்போது எம்.பி.யாக இருந்த ஹான் டாங்கின் கதை. சீனா பிடித்து வைத்திருந்த இரண்டு கனடாக்காரர்களின் விடுதலையைத் தள்ளிப்போடச் சொன்னார் என்று 2023-ல் டிவியில் செய்தி. சொன்னது யார் என்பதற்குப் பெயர் இல்லை. மனிதர் மறுத்தார், ஆளும் கட்சி வரிசையை விட்டு எழுந்து சுயேச்சையாகப் போய் உட்கார்ந்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, ரகசிய ஆவணங்களே அவர் மறுத்ததற்குப் பக்கபலமாக இருக்கின்றன என்கிறது ஹோக் அறிக்கை. அவர் வேட்பாளரானது எப்படி என்ற கேள்வி தனி, அதை விடு. செய்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் ஏழு பாகத்தைப் படித்திருப்பார்கள்?

உளவுத் தகவலே அப்படித்தான் போலிருக்கிறது. ஒட்டுக்கேட்டது, யாரோ ஒருத்தன் காதில் போட்டது. கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் சொன்னவன் மாட்டிக்கொள்வான், அதனால் போகாது. தண்டிக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

இதை உன்னிடம் இவ்வளவு நீட்டி முழக்கக் காரணம், போன வாரம் நம் பழைய ஃபேக்டரி ஆள், ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவன் வந்திருந்தான். சின்ன மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகை, என் பெயருக்கு முன்னால் 'தோழர்' என்று அவன் கையெழுத்து. நம் பழைய ஆட்களில் பாதிப் பேர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். ஃபேக்டரி மூடிப் புதர் மண்டிவிட்டது, 'மேனேஜர் காது' என்ற பட்டம் மட்டும் போகவில்லை. டீ குடித்ததும் டம்ளரைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அவனே கழுவிக் கவிழ்த்தான். வேண்டாம் என்று வீட்டுக்காரி தடுத்தும் கேட்கவில்லை.

ஸ்ட்ரைக் தோற்ற பிறகு சங்கம் போட்ட மூன்று பேர் கமிட்டியில் நீ ஒருத்தன். மற்ற இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "சிலர் மீது சந்தேகம் இருக்கிறது, சங்க நலன் கருதிப் பெயர் வெளியிடவில்லை" என்ற வரியைப் பொதுக்குழுவில் எழுந்து படித்தவன் நீ. மறுநாள் காலை ஷிப்டுக்குள் அந்தச் 'சிலர்' ரேடியோ ஆகிவிட்டான். மேனேஜர் பங்களாவுக்கு ரிப்பேர் வேலைக்குப் போய்வந்தவன் அவன்தானே.

இப்போதாவது சொல். கமிட்டியின் கவரில் பெயர் இருந்ததா? இருந்தது என்றால் யார் சொல்லி, எதை வைத்து? இல்லை என்றால் இத்தனை வருஷம் உன் வாயில் என்ன கொழுக்கட்டையா? குதிரை ரேஸ் கதையை எடுத்துவிட்டு நழுவாதே. போனில் வேண்டாம், மழுப்பிவிடுவாய். கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பு, கீழ்த்தெரு ஆட்களுக்கு அதையே காட்டிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வர வேண்டும். மருமகனிடம் ஸ்வெட்டர் கொடுத்துவிடாதே, போன தடவை அனுப்பியதே தொளதொளவென்று தொங்குகிறது.

உன்,
கணக்கு